கால் எரிச்சலுக்கு மருந்து எடுத்த நான்கு ஆண்டுகள்

இரவில் போர்வையின் ஓரம் கால்விரல் நுனியில் பட்டால் போதும், தணலை வைத்து அழுத்தியதுபோல் சுரீரென்று இழுக்கும்; அதே விரலைப் பகல் வெளிச்சத்தில் மருத்துவர் ஊசிமுனையால் தொட்டபோது, தொட்டாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரே விரலில் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பது நெடுநாள் எனக்கு விளங்காமலே இருந்தது. பழுதுபட்ட நரம்பு இரண்டு வகையில் தவறு செய்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்: கொண்டுசெல்ல வேண்டிய செய்தியைக் கொண்டுசெல்லாமல் விடுவது ஒன்று, இல்லாத செய்தியைத் தானாகவே கிளப்பி அனுப்புவது மற்றொன்று. முதலாவது மரத்துப்போதல், இரண்டாவது எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு. நரம்பு வலிக்கென்று எழுதித் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இரண்டாவதை மட்டுமே அடக்குகின்றன. இந்த ஒரு செய்தியை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், பல மாதத் தடுமாற்றத்தைத் தவிர்த்திருப்பேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோராம் ஆண்டில் இந்த எரிச்சல் தொடங்கியது. முதலில் இரு பாதங்களின் விரல்கள், பிறகு முன்பாதம், ஓராண்டுக்குள் கணுக்கால் வரை, காலுறை போட்டதுபோல் ஒரே சீராக ஏறி வந்தது. நடந்தால் பஞ்சின்மேல் கால் வைப்பதுபோலும், படுத்தால் பாதத்துக்கடியில் அடுப்பை மூட்டியதுபோலும் இருக்கும். நான் செய்த முதல் தவறு, இதைச் சாதாரண வலி என்று எண்ணி, கையில் கிடைத்த வலி மாத்திரைகளை விழுங்கியது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று ஏறத்தாழ ஐந்து மாதங்கள் மாற்றி மாற்றி எடுத்தேன். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் அடிபட்ட அல்லது வீங்கிய திசுவில் உருவாகும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்துபவை. வலி அங்கிருந்து பிறக்காமல் நரம்பே கிளப்புவதாக இருக்கும்போது அவற்றுக்குச் செய்ய ஏதும் பெரிதாக இருப்பதில்லை. பயன் கிடைக்காதது மட்டுமன்று, அடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளரும்போது ஏறும் கிரியாட்டினின் அளவு எனக்கு 1.0-இலிருந்து 1.4-க்கு ஏறியிருந்தது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருந்த சிறுநீரகத்தின்மேல் அந்த மாத்திரைகளின் பாரத்தையும் ஏற்றியிருந்தேன். பின்னால் நரம்பு மருந்துகளின் அளவை முடிவு செய்யும்போது இந்த எண்தான் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நின்றது.

அதன்பின் பார்த்த ஒரு மருத்துவர், கபாபென்டின் 300 மி.கி. மாத்திரையை இரவில் ஒன்று எடுக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். நான் பத்து நாட்கள் எடுத்தேன். தலை லேசாகச் சுற்றியது, காலையில் எழும்போது மந்தமாக இருந்தது, எரிச்சலோ அப்படியே இருந்தது. "இது எனக்கு வேலை செய்யாது" என்று நானே தீர்ப்பு எழுதி நிறுத்திவிட்டேன். திரும்பிப் போய்ச் சொல்லவும் இல்லை. 300 மி.கி. என்பது சிகிச்சை அளவே அன்று, உடலைப் பழக்குவதற்கான தொடக்கப்படி மட்டுமே என்பதும், பெரியவர்களில் நரம்பு வலிக்குப் பொதுவாகப் பயன்படுவது நாளொன்றுக்கு 1800 முதல் 3600 மி.கி. வரை என்பதும், அதை மூன்று வேளைகளாகப் பிரித்துக்கொண்டு வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உச்ச அளவு இதைவிடக் குறைவு.

மூன்று வேளையாகப் பிரிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குடலில் கபாபென்டினை உள்ளே எடுத்துச் செல்லும் வழி குறுகியது. ஒரே சமயத்தில் அதிகம் கொடுத்தால் மிச்சம் உடலில் சேராமல் வெளியேறிவிடும். நாளொன்றுக்கு 900 மி.கி. எடுக்கும்போது ஏறத்தாழ 60 சதவீதம் இரத்தத்தில் சேர்கிறது என்றால், 2400 மி.கி. எடுக்கும்போது சேர்வது 34 சதவீதம் மட்டுமே. ஆகவே மறந்துபோன மதிய மாத்திரையை இரவில் இரட்டிப்பாக விழுங்குவதால் ஈடாகிவிடாது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அமில முறிவு மருந்தைச் சேர்த்து எடுத்தாலும் சேரும் அளவு குறையும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக நான் தினமும் இரவில் அந்த அமில முறிவு மருந்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் கபாபென்டின் மாத்திரையோடு ஒரே மடக்கில்.

அடுத்த சில மாதங்கள் "நரம்புச் சத்து மாத்திரை" என்ற பெயரில் கழிந்தன. உறவினர் ஒருவர் சொன்னதை ஒன்று, வீட்டில் ஏற்கெனவே இருந்தது ஒன்று, நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று என்று மூன்று வகை. மூன்றின் பின்பக்க எழுத்துகளையும் ஒரு நாள் உருப்பெருக்கியை வைத்துப் படித்தபோதுதான், மூன்றிலுமே பைரிடாக்சின் எனும் வைட்டமின் பி6 இருப்பதும், கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 200 மி.கி.யைத் தாண்டுவதும் தெரிந்தது. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், நெடுநாள் மிகுந்தாலும் நரம்பு கெடும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கான பாதுகாப்பு உச்சவரம்பு 100 மி.கி. என்று வைத்திருக்கிறார்கள், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் வரம்பை 12 மி.கி. என்று தாழ்த்தியது. நரம்பைக் காப்பாற்றுவதாக நம்பி நரம்பைக் கெடுக்கக்கூடிய ஒன்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அறிந்த அன்று இரவு எனக்கு உண்மையாகவே அச்சம் வந்தது. வைட்டமின் தானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம் அத்துடன் ஒழிந்தது.

மருந்துப் பயணத்தில் திருப்பம் ஏற்பட்டது நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்ற பிறகு. அவர் மருந்துச்சீட்டைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் என் காலோடு செலவிட்டார். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் அது வளையும் வரை அழுத்தி, "படுகிறதா, எங்கே படுகிறது?" என்று கேட்டார், அந்த இழை சரியாக 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். அவர் கைக்கு அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கோ வைத்த கணத்திலேயே வெறும் குளிர்ந்த இரும்பாகத்தான் இருந்தது. அந்த வேறுபாட்டை அவர் என் முழங்காலில் வைத்துக் காட்டியபோதுதான், நான் எவ்வளவு இழந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

நரம்புக் கடத்தல் பரிசோதனையும் செய்தார்கள். அந்தப் பரிசோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கும் என்பதையும், எரிச்சலையும் சூட்டையும் கொண்டுசெல்லும் நுண்ணிழைகள் மட்டும் பழுதாகியிருந்தால் அறிக்கை முற்றிலும் இயல்பாக வரக்கூடும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அறிக்கை சரியாக இருப்பதைக் காட்டி "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட சிலரை நான் காத்திருப்பு அறையில் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த அறிக்கை உங்கள் எரிச்சலைப் பொய்யென்று ஆக்கிவிடாது.

"காரணத்துக்கு மருந்து வேறு, வலிக்கு மருந்து வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார் அவர். சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடாமல், பி12, தைராய்டு, சிறுநீரகம், இரத்தப் புரதங்கள் என அனைத்தையும் பார்த்தார். நான் எடுத்துக்கொண்டிருந்த எல்லா மருந்துகளின் பட்டியலையும் கேட்டார். காசநோய்க்கான ஐசோநயாசிட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், நெடுநாள் எடுக்கும் மெட்ரோநிடசோல், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்ஸெல், சிஸ்பிளாட்டின் போன்றவை தாமே நரம்பைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அந்தக் கேள்வி அவசியமானது. என் பட்டியலில் அவர் விரல் நின்ற இடம் மெட்ஃபார்மின். ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது அது பி12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது. எனக்குப் பி12 உண்மையிலேயே மிகவும் தாழ்ந்திருந்தது. ஆக, என் நரம்பைச் சர்க்கரை ஒரு பக்கமும், சர்க்கரைக்கான மருந்தால் வந்த குறை மறு பக்கமும் அரித்துக்கொண்டிருந்தன. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, அதன் நன்மை பெரிது. பி12 ஊசியைச் சேர்த்தார்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாக எடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் காட்டிவிட்டு, நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும் என்று எச்சரித்து, நான் வைத்திருந்த அந்த மாத்திரையையும் நிறுத்தினார்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதிலும் ஒரு பாடம் இருந்தது. எரிச்சலின் கோபத்தில் நான் ஒரு கட்டத்தில் மிகக் கடுமையாக இறங்கி, மூன்றே மாதத்தில், இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவை 11-இலிருந்து 7-க்குக் கொண்டுவந்தேன். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த அந்த மாதங்களில்தான் எரிச்சல் உச்சத்துக்கு ஏறியது. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரை திடீரென்று சரியும்போது, மூன்று மாதத்துக்குள் 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தால், சிலருக்கு நரம்பு வலி புதிதாகக் கிளம்பவோ கூடவோ செய்யும். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்லத் தணியும். கட்டுப்பாடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993-இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், இறுக்கமான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 சதவீதம் குறைத்தது. இறங்க வேண்டும், ஆனால் படிப்படியாக.

இனி வலிக்கான மருந்து. எனக்கு முதலில் பிரிகாபலின் 75 மி.கி. இரவில் தொடங்கி, ஒரு வாரத்தில் காலையும் இரவும் ஆக்கி, பிறகு 150 மி.கி. இரு வேளை வரை ஏற்றினார்கள். கபாபென்டினும் இதுவும் ஒரே குடும்பம். வலிச்செய்தி நரம்பு முனையிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவுவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கால்சிய வாயிலின் ஒரு பகுதியில் இம்மருந்துகள் ஒட்டிக்கொண்டு, மிதமிஞ்சிக் கிளர்ந்திருக்கும் நரம்பு கொட்டும் செய்தியின் அளவைக் குறைக்கின்றன. பழுதான வானொலியின் ஒலியைத் தணிப்பதுபோல்தான் இது. வானொலி பழுதாகவேதான் இருக்கும். ஒலியளவு மட்டும் தணியும். எனக்குப் பத்தாம் நாளிலிருந்தே தூக்கம் திரும்பியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து குளிர்ந்த தரையில் பாதத்தை ஊன்றி நிற்கும் வழக்கம் நின்றது. அந்த முதல் முழுத் தூக்கத்துக்குப் பின் விடிந்த காலையை என் மனைவியும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் மூன்றாம் மாதத்தில் கணுக்கால்கள் வீங்கின. காலுறையின் வார் பதிந்த தடம் ஒரு மணி நேரம் ஆனாலும் மறையவில்லை. எடையும் நான்கு கிலோ கூடியிருந்தது. இதயமோ சிறுநீரகமோ கெட்டுவிட்டது என்று நடுங்கிப் போனோம். சோதனைகள் இரண்டையும் நிலையாகவே காட்டின. வீக்கமும் எடை கூடுதலும் பிரிகாபலினின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். போதாக்குறைக்குச் சர்க்கரைக்காக நான் எடுத்த பயோகிளிட்டசோனும் நீரைத் தேக்கக்கூடியது. இரண்டும் சேரும்போது வீக்கம் கூடும். சிறுநீரகம் வழியாகவே பிரிகாபலின் வெளியேறுவதால், என்னைப்போல் கிரியாட்டினின் ஏறியவர்களின் உடலில் அது அதிக நேரம் தங்கும். பயோகிளிட்டசோனை நிறுத்தி, பிரிகாபலினையும் குறைப்போம் என்று முடிவாகி, அடுத்த சந்திப்பில் எப்படிக் குறைப்பது என்று சொல்வதாக இருந்தது. அதற்குள் நான் பொறுமையிழந்து, குறைப்பதைவிட நிறுத்திவிடுவது மேல் என்று எண்ணி ஒரே நாளில் நிறுத்தினேன். அடுத்த மூன்று நாட்கள் வியர்வை, குமட்டல், படபடப்பு, இமை மூடாத இரவுகள். எரிச்சலும் பழைய வேகத்தில் திரும்பியது. இம்மருந்துகளை நிறுத்தும்போது, குறைந்தது ஒரு வார கால அவகாசத்தில் படிப்படியாகவே இறக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்பக்கூடும். பயணம் கிளம்பும்போது மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடக்கம்.

மீண்டும் 75 மி.கி. இரு வேளையில் நிலைப்படுத்தியபின், இரண்டாவது மருந்தாக மருத்துவர் எழுதியதைக் கண்டு நான் மனம் புண்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பெட்டிக்குள்ளிருந்த தாளில் "மனச்சோர்வுக்கு" என்று முதல் வரியிலேயே இருந்தது. என் வலியை மனப்பிரமை என்று நினைத்துவிட்டாரோ என்று வாடிப் போனேன். கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, வலிச்செய்தியைத் தடுக்கும் பாதை ஒன்று நம் உடலிலேயே இருக்கிறது. அது செரட்டோனின், நாரட்ரினலின் என்ற இரு பொருட்களால் இயங்குகிறது. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்றவை அந்தப் பொருட்களைக் கூடுதல் நேரம் நிலைக்கச் செய்வதால் அந்தத் தடுப்பு வலுப்பெறுகிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறையும். இந்த விளக்கம் கிடைக்காமல் பெட்டியைப் பார்த்தே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அமிட்ரிப்டிலின் மிகப் பழைய மருந்து. இரவில் 10 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். 2015-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், மருந்துப்பொருள் இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது, அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6 பேர், டுலோக்ஸெடின் வகைக்கு 6.4 பேர், பிரிகாபலினுக்கு 7.7 பேர் என்று வந்தது. மிகச் சிறந்ததாகக் காணும் மருந்தே எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதுதான் அந்த எண்கள் எனக்குச் சொன்ன செய்தி. முதல் மருந்து தோற்றதற்காக என்னையோ மருத்துவரையோ நொந்துகொள்வதை அன்றோடு விட்டேன். ஆனால் அமிட்ரிப்டிலின் எனக்குப் பொருந்தாது என்று முடிவானது. எனக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. அம்மருந்து சிறுநீரை அடைத்துவிடக்கூடும். ஈ.சி.ஜி.யிலும் மின்கடத்தலில் சிறு தாமதம் இருந்தது. கண் அழுத்த நோய் உள்ளவர்களும், எழுந்தால் தலைசுற்றி விழும் முதியவர்களும் இதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே டுலோக்ஸெடின். முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி. முதல் ஐந்து நாட்கள் குமட்டல் பாடாய்ப் படுத்தியது. சாப்பிட்டபின் எடுத்ததாலும், பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அது தணியும் என்று முன்பே தெரிந்திருந்ததாலும் தாக்குப் பிடித்தேன். அந்தக் கேப்சூலைத் திறந்தோ நசுக்கியோ எடுக்கக் கூடாது; உள்ளிருக்கும் மணிகள் வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் பூச்சு கொண்டவை. கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும், மது அதிகம் அருந்துபவர்களுக்கும், சிறுநீரகம் மிகவும் குன்றியவர்களுக்கும் இது ஆகாது. இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும் என்பதால், தலைவலி வந்தால் என் கை பழக்கத்தில் நீளும் அந்த மாத்திரை டப்பாவை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தினோம். இந்த வகை மருந்துகளாலும் பிரிகாபலின் வகையாலும் சிலருக்கு மனநிலை குலைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கள் தலைதூக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை என் மனைவியிடம் நானே சொல்லி வைத்தேன். என் முகத்தில் மாற்றம் தெரிந்தால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு மருந்தை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட இரண்டு மருந்துகளை மிதமாகச் சேர்ப்பது எனக்கு ஒத்துவந்தது. 2022-இல் லான்செட் இதழில் வெளியான ஆப்ஷன்-டி.எம். என்ற ஆய்வில், சர்க்கரை நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின், பிரிகாபலின் ஆகியவற்றில் எதைக்கொண்டு தொடங்கினாலும் முடிவில் வலி குறைந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தனி மருந்து போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. ஆகவே எது சிறந்தது என்ற கேள்வியைவிட, உங்கள் சிறுநீரகம், இதயம், கல்லீரல், வயது, கூடவே எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றுக்கு எது இடைஞ்சல் தராது என்ற கேள்வியே பயனுள்ளது. சேர்க்கை எல்லாம் பாதுகாப்பானதும் அன்று. ட்ரமடால் போன்ற வலுவான வலி மருந்தை டுலோக்ஸெடினோடு சேர்த்தால் செரட்டோனின் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரக்கூடும். கபாபென்டினும் பிரிகாபலினும் அபின் வகை மருந்துகளோடு சேரும்போது மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 டிசம்பரில் எச்சரித்தது. பல் பிடுங்கிய அன்று எனக்கு ட்ரமடால் எழுதித் தந்தார்கள். பையில் வைத்திருந்த மருந்துப் பட்டியலைக் காட்டியதால் மாற்றித் தந்தார்கள்.

பூசும் மருந்தில் காப்சைசின் 0.075 சதவீதக் களிம்பைச் சில வாரங்கள் பயன்படுத்தினேன். மிளகாயின் காரப்பொருள்தான் அது. நாளுக்கு மூன்று நான்கு முறை விடாமல் பூசினால்தான் நரம்பு முனைகள் மரத்து அடங்கும், முதல் வாரங்களில் எரிச்சல் கூடவே செய்யும். ஒரு முறை கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணைத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கையுறை போடாமல் அதைத் தொடக் கூடாது. லிடோகெயின் 5 சதவீத ஒட்டுப்பட்டையை 24 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டும், புண்ணில்லாத தோலில் ஒட்ட வேண்டும். அக்கிக்குப் பின் ஓரிடத்தில் நிலைத்த வலிக்கு அது நன்றாக உதவும். என் இரு பாதங்களுக்கு அது போதவில்லை.

இந்தப் பெயர்களையெல்லாம் எல்லா நரம்பு நோய்க்கும் பொருத்திவிடக் கூடாது. முகத்தில் மின்னல்போல் வெட்டும் முக்கிளை நரம்பு வலிக்குக் கார்பமாசிபின்தான் முதல் மருந்து. புற்றுநோய் மருந்தால் வந்த நரம்பு வலியில் ஓரளவு நல்ல சான்று உள்ளது டுலோக்ஸெடினுக்கு மட்டுமே. நாட்கணக்கில் கால் பலமிழந்து மேலே ஏறி வரும் வகை முற்றிலும் வேறு; நோய் எதிர்ப்பாற்றலே நரம்பைத் தாக்கும் அந்த நிலைக்கு இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) போன்ற சிகிச்சை உடனே வேண்டும். எரிச்சலைவிடப் பலவீனம் முந்தி வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அதிகம் உதவிய கருவி ஒரு சிறிய குறிப்பேடு. தினமும் படுக்கும் முன் மூன்று எண்கள்: வலி பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை விழித்தேன், எத்தனை நிமிடம் நடந்தேன். மருந்து மாறிய நாளையும் புதிதாகத் தோன்றிய தொந்தரவையும் ஓரத்தில் எழுதுவேன். மாற்றம் மிக மெதுவாக வருவதால் மனம் ஏமாறிவிடும். எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தபின்னும் "ஒன்றும் குறையவில்லை" என்றுதான் நான் புலம்பிக்கொண்டிருந்தேன், குறிப்பேடுதான் மறுத்தது. வலியில் 30 சதவீதக் குறைவையே மருத்துவர்கள் பொருட்படுத்தத்தக்க பலனாகவும், 50 சதவீதத்தை நல்ல பலனாகவும் கொள்கிறார்கள். சுத்தமாகப் போய்விட வேண்டும் என்று எதிர்பார்த்தால் பயன்படுகிற மருந்தையும் தூக்கி எறிந்துவிடுவோம். தாங்கக்கூடிய முழு அளவை எட்டியபின் சில வாரங்களாவது கொடுத்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் தோற்றதாக எழுதாதீர்கள். எட்டியபின்னும் பலனில்லை என்றால் பழக்கத்துக்காகத் தொடரவும் வேண்டாம், முறையாக இறக்கிவிடச் சொல்லுங்கள்.

வலி நன்றாகத் தணிந்திருந்த மூன்றாம் ஆண்டில் ஒரு மாலை காலணியைக் கழற்றினேன். காலுறையின் முன்பகுதி கரும்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலணிக்குள் என் பேரனின் சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. அதன்மேல் நாள் முழுவதும் நடந்திருக்கிறேன். பெருவிரலுக்குக் கீழே தோல் பிய்ந்து, பொத்தானின் நான்கு துளைகளும் சதையில் அச்சாகப் பதிந்திருந்தன. துளிகூட வலிக்கவில்லை. மாத்திரைகள் பொய்ச் செய்திகளை அடக்கியிருந்தன. மெய்ச் செய்தியைக் கொண்டுவர வேண்டிய நரம்பு முன்போலவே ஊமையாக இருந்தது. எரிச்சல் இருந்த நாட்களில் பாதத்தை அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்த நான், எரிச்சல் போனதும் பாதத்தையே மறந்துபோயிருந்தேன். அந்தப் புண் ஆற ஒன்பது வாரங்கள் பிடித்தன.

இப்போது காலையில் டுலோக்ஸெடின் 60 மி.கி., இரவில் பிரிகாபலின் 75 மி.கி., மாதம் ஒரு பி12 ஊசி. வலி பத்துக்கு மூன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் பார்த்து, அளவை இன்னும் குறைக்க முடியுமா என்று பேசுகிறோம். குறிப்பேட்டில் நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். காலணியைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கைவிட்டுத் துழாவியது, குளிக்கும் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தது, இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால் பார்த்தது ஆகிய மூன்றுக்கும் அதில் ஒரு குறி போட வேண்டும். நேற்றைய பக்கத்தில் மூன்று குறிகளும் இருக்கின்றன. மூன்றாவது குறி என் மனைவியின் கையெழுத்தில்.